கைகோத்த பக்கம்

வளப்பூர் நாடு என்ற மலையூரில் பஸ் ஏறிய ஆர்த்தி, கோகுல் வரைந்து தந்த மங்கா படக்கதை நோட்டை, ஏற்கெனவே பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அவன் மடியில் போட்டுவிட்டு நின்றாள். பால்ரூம் ஜோடி நடனப் போட்டிகளில் மூன்று வருடமாக இருவரும் எதிரெதிர் அணி. நோட்டில் படங்கள் மட்டும்தான், வசனம் இல்லை.

“அந்தப் பொண்ணு நான்தான்னு தெரியுதுங்க. கைகோத்து ஆடறவங்க, கடைசியில முதுகைத் திருப்பிட்டுப் போறாங்க. புடிக்கலீன்னு நேராவே சொல்லியிருக்கலாம். இனி நான் போட்டிக்கு வரலீங்க.”

“எந்தப் பக்கமிருந்து படிச்சீங்க?”

“எல்லா நோட்டும் போலத்தான். இடப்பக்கமிருந்து.”

“மங்காவ வலப்பக்கமிருந்து படிக்கணுமுங்க. ஜப்பான்காரங்க வழக்கம்.”

ஆர்த்தி நோட்டை வாங்கி, திருப்பிய முதுகுகளில் தொடங்கி, கைகோத்த பக்கம்வரை மெதுவாகப் புரட்டினாள்.

“அப்ப ரெண்டு நாளா நான் அழுதது ஆரம்பத்துக்கா?” என்றபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.