இன்னா சம்பந்தம்?

"ஏமய்யா, கைநாட்டு வைக்கிற ஆளு நீ. உனக்கெதுக்குப் பள்ளிக்கூட நியாயம்?"

சித்தூர் கல்வி அலுவலகத்துக் குமாஸ்தா சிட்டிபாபு இப்படிக் கேட்டதும், பாலசமுத்திரத்திலிருந்து வந்திருந்த விவசாயி ஏழுமலை ஓரடி பின்வாங்கினார்.

அவர் பின்னால் நின்றிருந்த பெண் முன்னே வந்தாள்.

"அவருக்குக் கையெழுத்து தெரியாதுதான். அதுக்கும் அவர் கேக்கறதுக்கும் இன்னா சம்பந்தம்? தமிழ்ப் பிள்ளைங்களுக்குத் தமிழ்ல சொல்லிக் குடுங்கன்றாரு. அதுக்குப் பதில் சொல்லுங்க."

அதிகாரி வெங்கடரமணன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஆந்திர ராஜ்யம் பிரிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லையோர ஊர்க்காரர்கள் தினமும் மனுவோடு வந்து அழுவார்கள், இல்லை காலில் விழுவார்கள். இவள் இரண்டும் செய்யவில்லை. ஏழுமலையின் தங்கையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சிட்டிபாபு விடவில்லை. "சுத்துப்பட்டு ஊரெல்லாம் தெலுகுக்கு மாறிடுச்சு. யாராவது வாயைத் தொறந்தாங்களா?"

"அவங்க சும்மா இருந்தா எங்க பிள்ளைங்களுக்குப் பாடம் புரிஞ்சிடுமா? மந்திரம் மாதிரி ஒப்பிக்குதுங்க. அர்த்தம் கேட்டா முழிக்குதுங்க."

"தமிழ்தான் வேணும்னா மெட்ராஸ் ராஜ்யத்துக்குக் குடி போங்க!"

"எல்லையை எங்க போடறதுன்னு பேச நாங்க வரல சார். பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேச வந்தோம்."

ஏழுமலையின் முதுகு நிமிர்ந்தது. வெங்கடரமணன் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

சிட்டிபாபு குரலைத் தாழ்த்தினான். "சரிம்மா. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இருக்கறது ஒரே போஸ்ட். தமிழ் வாத்தியாரைப் போட்டா, இப்ப இருக்கற தெலுகு டீச்சரம்மாவுக்கு வேலை போயிடும். புருஷன் இல்லாத மனுஷி. ரெண்டு குழந்தைங்க வேற. அந்தப் பாவத்தை யோசிச்சியா?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். அவள் குனியவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் கரகரத்தது.

"பாவம்தான். அவங்களுக்கு வேற ஊர்ல வேலை குடுங்கன்னு தனியா கேக்கலாம். அவங்க கஷ்டத்துக்காக ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் புரியாத பாஷையில படிக்கணுமா?"

வெங்கடரமணன் மறுபடி பேனாவை எடுத்தார். தமிழ் ஆசிரியரை நியமிக்கச் சொல்லி அங்கேயே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் மனசு உறுத்தியது. முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் சோற்றில் கை வைத்துவிட்டோமே!

"நியாயம் உங்க பக்கம்தாம்மா," என்றார். "ஆனா அந்த டீச்சரம்மாகிட்ட இதை யார் போய்ச் சொல்றது?"

அவள் கையை நீட்டினாள். உத்தரவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஏழுமலைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"யாரும் போய்ச் சொல்ல வாணாம் சாமி. இம்மா நேரமா உங்ககிட்ட பேசிக்கினு இருந்தது எங்க டீச்சரம்மாதான்!"