ஏழாவது எண்

"அந்த வரியை அழி!"

டைரக்டர் பாங்கின் கை நீள்வதற்குள் ஹேவோன் அறிக்கை திறந்திருந்த மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சியோலில் பள்ளிகளைத் திறக்கலாமா என்று அவர்களின் தொற்றுநோய் ஆய்வுக்கூடம் இரண்டு மணிக்குள் சொல்லியாக வேண்டும். மேஜை நடுவே ஒரே சட்டியில் கிம்ச்சிக் குழம்பு. தனிக் கிண்ணம் கேட்ட ஹேவோனை, "பெரிய மகாராணி!" என்று நக்கலடித்து அதிலேயே சாப்பிட வைத்திருந்தார் பாங்.

"சார், நம்ம கணிப்புல போடற ஏழு எண்ணையும் மாத்தி மாத்தி ஆயிரம் தடவை கணக்குப் போட்டுட்டேன். ஆறு எண் எப்படிப் போனாலும் முடிவு அசையல. ஏழாவதைத் தொட்டா மட்டும் எண்ணூறு நோயாளி ஒன்பதாயிரமா ஆகுது. அதான் 'உறுதியா சொல்ல முடியாது'ன்னு அந்த வரியை எழுதினேன்."

"அது என்ன ஏழாவது?"

"காய்ச்சலை மறைச்சு வெளிய வர்றவங்க நூத்துக்கு எத்தனை பேருங்கறது. யாருக்கும் தெரியாது சார்."

"எனக்குத் தெரியும். பூஜ்யம்! வாசலுக்கு வாசல் வெப்பமானி வெச்சிருக்கோமே, எவன் மறைப்பான்? பூஜ்யம்னு போட்டு அனுப்பு." பாங் ஒரு கரண்டி குழம்பை உறிஞ்சினார்.

"அனுப்ப மாட்டேன்."

"அப்போ வேலையை விட்டுட்டுப் போ! இல்லேன்னா, இந்தக் கட்டடத்துல அப்படி ஒருத்தனைக் காட்டு. அப்புறம் பேசு."

ஹேவோன் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டியருகே வைத்தாள். பாதிக்கு மேல் காலி.

"ஒருத்தி போதுமா சார்? லீவு கேட்டா சீட்டைக் கிழிச்சிடுவேன்னு திங்கக்கிழமை சொன்னீங்களே, அன்னிலேருந்து முழுங்கறேன். இன்னிக்குக் காலையில வீட்டுல முப்பத்தொன்பது டிகிரி. உங்க வாசல்ல பச்சை விளக்கு எரிஞ்சுது."

பாங்கின் கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.