மூன்று வகை வெடி

உங்கள் கணவரைக் கொன்றது சினைப்பர் என்று எப்படித் தெரியும்?

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளன் தமிழில் சொன்னான்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அகதியாக இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு மாதங்கள். பதில் தெரிந்த கேள்வி ஒன்றை இன்றுதான் கேட்கிறார்கள்.

"ரி-56 துவக்கு எண்டா ரெண்டு மூண்டா வெடிக்கும். கிட்ட நிக்கினம் எண்டு அர்த்தம். எல்.எம்.ஜி. விடாம அடிக்கும், எங்களைத் தலை தூக்க விடாது. அந்த நேரம் மற்ற ஆக்கள் முன்னுக்கு வருவினம். சினைப்பர் தூரத்தில ஒளிச்சிருந்து ஒரே ஒரு வெடிதான். ஆள் விழுந்தாப் பிறகுதான் சத்தம் வரும்."

சொல்லி முடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதிகாரியின் விரல்கள் தட்டச்சில் நின்றுவிட்டன.

ரி-56. எல்.எம்.ஜி. சினைப்பர். மொழிபெயர்க்காமலே விளங்கும் சொற்கள்.

மொழிபெயர்ப்பாளன் தொண்டையைச் செருமினான். அவனும் வன்னிப் பக்கம்தான், பேச்சில் தெரிந்தது. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னான். அவன் வேலை அது.

அடுத்த கேள்வி வந்தது.

எந்த முகாமில் பயிற்சி எடுத்தீர்கள்?

தன்னைப் போராளி என்று நினைத்துவிட்டார் என்று அவளுக்கு விளங்கியது. நுணலும் தன் வாயால் கெடும். வெளியே காத்திருப்போர் அறையில் மகள் இருந்தாள். விண்ணப்பத்தை மறுத்தால் இருவரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"கிணத்தடியில," என்றாள்.

அவர்கள் பதுங்கியிருந்த பங்கரிலிருந்து கிணற்றடி நாற்பது அடி தூரம். எந்தச் சத்தத்துக்குக் குனிந்து ஓடலாம், எந்தச் சத்தத்துக்குப் பிள்ளையைத் தாகத்தோடு அழவிட வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலை எந்தச் சத்தமும் இல்லை. அதனால்தான் அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு அவர் போனார்.

இதையும் சொன்னாள்.

மொழிபெயர்ப்பாளன் இதையும் ஆங்கிலத்தில் சொன்னான். இந்த முறை இரண்டு இடங்களில் நிறுத்திச் சொன்னான்.

அதிகாரி நீண்ட நேரம் தட்டச்சு செய்தார். பிறகு, கையெழுத்து வாங்க வேண்டிய தாளை எடுத்து வர எழுந்து போனார்.

மொழிபெயர்ப்பாளர் விண்ணப்பதாரருடன் தனியாகப் பேசக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது.

"அக்கா," என்றான், மேசையைப் பார்த்தபடி. "எல்லாத்தையும் வெடிச்சத்தம் எண்டு மட்டும் சொல்லியிருக்கலாம்."

கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"என்னை விசாரிக்கேக்க நான் அப்பிடித்தான் சொன்னனான்."