சுகந்திக்கு மட்டும் திராட்சைச் சாறு

கிரேக்கப் பயணத்துக்குப் பதிவு செய்தபோது சுகந்திக்கு மூன்று மாதம். ஐந்தாவதில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிற்று. டிக்கெட்டை ரத்து செய்யப் போன கணவனிடம், "வேணாம் தேவா, போயிட்டு வரலாம். வீட்ல இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்றாள்.

சாந்தோரினித் தீவின் அந்த ஒயின் தோட்டத்தில் காற்றுக்குப் பயந்து கொடிகளைத் தரையோடு கூடை மாதிரி வளைத்துவிட்டிருந்தார்கள். குலைகள் உள்ளே பத்திரமாக இருந்தன. தோட்டத்துக்காரி கத்தெரீனா தேவநாதனுக்கு வெள்ளை ஒயினை ஊற்றினாள். சுகந்தியின் முன்னால் திராட்சைச் சாற்றை வைத்தாள்.

"பதிவு செய்யும்போதே உங்கள் கணவர் எழுதியிருந்தார். வாழ்த்துகள்! இப்போது எத்தனை மாதம்?"

அதை மாற்றச் சொல்ல மறந்துபோனது தேவநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் மேசைக்கடியில் சுகந்தி அவன் கையை அழுத்திப் பிடித்தாள்.

"ஆறு" என்றாள்.

"பையனா, பெண்ணா?"

"பொண்ணு."

அது இருவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் காட்டியிருந்தார்கள்.

கத்தெரீனா உள்ளே போய் ஒரு புட்டியோடு வந்தாள். வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்த இனிப்பு ஒயின். "வருஷம் ஆக ஆக ருசி கூடும். அவள் கல்யாணத்தன்று திறங்கள்" என்று பேனாவை எடுத்தாள். "புட்டியில் அவள் பெயரை எழுதித் தருகிறேன். பெயர் யோசித்துவிட்டீர்களா?"

"முல்லை" என்றாள் சுகந்தி. ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகச் சொன்னாள்.

தேவநாதன் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான்.