சம்பந்தம் பேசிய கண்ணாடி

“தெரியுதா அம்மா?”

இசுரு தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் இரண்டைச் செலவழித்துக் கேட்டான். நிஷாந்தியின் அம்மா நாகலெட்சுமி அந்தக் கறுப்புக் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, லயத்து வரிசை வீட்டு வாசலிலிருந்து தேயிலை மலை உச்சி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள்.

“பளிச்சுன்னு தெரியுது தம்பி.”

நிஷாந்திக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவள் கல்யாணமே அந்தக் கண்ணாடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹட்டன் டவுனில் தன்னோடு வேலை பார்க்கும் சிங்களப் பையனைத்தான் கட்டுவேன் என்று அவள் சொன்னபோது அம்மா குதிக்கவில்லை, அழவுமில்லை. அப்பா இல்லாத வீட்டில் அம்மா போட்டதுதானே சட்டம்? ஒரே ஒரு சட்டம் போட்டாள்.

“பையனோட அம்மா வந்து பேசட்டும். அவங்க பேசுறது எனக்கு நேரா விளங்கணும். நடுவுல நீ பூந்து சீனி தடவிச் சொல்ற வேலையெல்லாம் வேணாம். விளங்கலைன்னா இந்தப் பேச்ச அதோட விட்டுரு.”

விடுவானா இசுரு? கொரியாவில் இருக்கும் அண்ணனை நச்சரித்து இந்த மாயக் கண்ணாடியை வரவழைத்துவிட்டான். எதிரே இருப்பவர் சிங்களத்தில் பேசினால் கண்ணாடி கேட்கும். போனிலுள்ள இன்டர்நெட் வழியாக மொழிபெயர்க்கும். ரெண்டு மூச்சு நேரம் கழித்து, பேசினவர் நெஞ்சுக்கு நேரே தமிழ் எழுத்து காற்றில் மிதக்கும். டவுன் பேக்கரியில் நிஷாந்தி போட்டுப் பார்த்தபோது, ‘மீன் பணிஸ் முடிந்துவிட்டது’ என்ற எழுத்து கடைக்காரரின் தொந்தி மேல் ஊர்வலம் போனது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி அந்தக் கூத்தையெல்லாம் வழக்கம்போல அடுப்படி ஜன்னலில் ஒட்டிக்கொண்டு இசுருவிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த லயத்தில் சிக்னல் எட்டிப் பார்க்கும் ஒரே இடம் அந்த ஜன்னல்தான். பக்கத்தில் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். இருந்தால் என்ன, பேசுவது சிங்களம்தானே!

இன்று வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. இசுருவின் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் ஆரம்பித்தார். “இவன் குறட்டை விட்டால் கூரைத் தகரம் கழன்று வரும்.”

அவர் வாயை மூடுவதற்குள் நாகலெட்சுமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “நம்ம வீட்டுல இவ ராத்திரியெல்லாம் பல்லக் கடிப்பா. ஜோடிப் பொருத்தம் பிரமாதம்னு சொல்லுடி!”

மானம் கப்பலேற, நிஷாந்தி அதைச் சிங்களத்தில் சொன்னாள். இசுரு கூரையைப் பார்த்தான்.

தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்த இசுருவின் அம்மா, சீனி கூடிவிட்டது என்று மகன் காதில் முணுமுணுத்தார். நாகலெட்சுமி எழுந்து போய், இஞ்சி தட்டிப் போட்டுச் சீனியில்லாமல் வேறொரு கோப்பை கொண்டுவந்து நீட்டினாள். அந்த அம்மாவுக்குக் கண் விரிந்தது. இசுரு, கண்ணாடியைத் தானே கண்டுபிடித்தவன் மாதிரி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

கடைசியில் அவர் குரல் தழுதழுத்தது. “என் பிள்ளைக்கு நீங்களும் ஒரு அம்மாவாக இருக்கவேண்டும்.”

நாகலெட்சுமியின் கண்ணும் அதே நேரம் நிறைந்தது. அவர் கை ரெண்டையும் பிடித்துக்கொண்டாள். “தை மாசமே வச்சுக்கலாம்னு சொல்லுடி.”

மொழிபெயர்க்க எங்கே நேரம்? நிஷாந்தி ஓடிவந்து ரெண்டு அம்மாக்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

ஆட்டோ கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அவள் அடுப்படிக்குள் துள்ளிக்கொண்டு நுழைந்ததும் போன் அலறியது. இசுருதான். சிங்களத்தில் படபடத்தான்.

“நிஷா, இப்பத்தான் போனப் பார்த்தேன். ஒங்க இஸ்தோப்புல சிக்னலே இல்லாம இருந்திருக்கு! நம்ம அவசரத்துல அத யோசிக்கவே இல்லையே. கண்ணாடியில ஒரு எழுத்துகூட ஓடியிருக்காது!”

நிஷாந்தி மெல்லத் திரும்பினாள். அம்மா பாட்டுக்குக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா… ஒங்களுக்கு… சிங்களம்…?”

“கல்யாணத்துக்கு முந்தி கண்டியில ஒரு சிங்கள வீட்டுல புள்ள தூக்கினவடி நானு.” நாகலெட்சுமி கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “தெனம் தெனம் இந்த ஜன்னல்ல நின்னு நீ அவனக் கொஞ்சினதெல்லாம் நான் எந்தக் கண்ணாடியப் போட்டுடி கேட்டேன்?”