சிப்பி துடைத்த இடம்

கடலுக்கும் கரைக்கும் நடுவே இருந்த பாறையில் ஒரு நண்டு குடியிருந்தது. தன் பிடியைப் போல உலகத்தில் வேறு பிடி இல்லை என்பது அதன் எண்ணம். புயல்காற்று கிளம்பிய அன்று, பக்கத்தில் ஒரு கறுப்புச் சிப்பி நாக்குப் போன்ற தன் காலை நீட்டிப் பாறையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“என்ன தங்கச்சி, விருந்தாளி வர்றாங்களா?” என்று சிரித்தது நண்டு. “கடல்ல இருந்துகிட்டு ஈரத்தைத் துடைக்கிறவ நீ ஒருத்திதான்.”

“நடுவுல தண்ணி நின்னா பசை பாறையைத் தொடாது அண்ணே. தொட்டாத்தானே ஒட்டும்?”

கடுகளவு இடத்தைத் துடைத்து, அதில் துளிப் பசை வைத்து, தன் உடலிலிருந்து மயிரிழை போல ஒரு நூலை இழுத்துப் பாறையோடு தன்னைக் கட்டியது சிப்பி. பிறகு அடுத்த கடுகளவு இடத்துக்குப் போனது.

பேரலை வந்தது. நண்டு எல்லாக் கால்களையும் அழுத்தி ஊன்றியது. ஊன்றிய இடமெல்லாம் பாசி. வழுக்கிக்கொண்டு போகும்போது கொடுக்கில் சிப்பியின் ஓடு அகப்பட்டது. நண்டு கண்ணை மூடிக்கொண்டு தொங்கியது. இருவர் பாரத்தையும் தாங்கி அந்த நூல்கள் நீண்டன, சுருங்கின, மறுபடி நீண்டன. சில அறுந்தன. மற்றவை விடவேயில்லை.

கடல் அடங்கியதும் சிப்பி, அறுந்த நூல்களுக்குப் பதில் கட்ட இடம் துடைக்கத் தொடங்கியது. இத்தனை மெல்லிய நூலா நம்மைத் தாங்கியது என்று நண்டு வெகுநேரம் பார்த்தது. பிறகு சிப்பி இன்னும் துடைக்காத பக்கத்தில் இருந்த பாசியைக் கொடுக்கால் சுரண்ட ஆரம்பித்தது.

“என்ன அண்ணே, விருந்தாளி வர்றாங்களா?”

“வந்தது நான்தான் தங்கச்சி,” என்றது நண்டு, சுரண்டுவதை நிறுத்தாமல்.