ராகு காலத்தில் வந்த அப்டேட்

"அம்மா, இன்னைக்கு நீ ஊருக்குத் திரும்பும்போது உன் கையில டச் போன் இருக்கும் பாரு" என்றான் மாரீஸ்வரன், சட்டைப் பித்தானைப் போட்டபடியே.

மகன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துபோகலாம் என்று சிலமலையிலிருந்து போடிக்கு வந்திருந்தாள் அய்யம்மாள். வாயில் போட்ட முறுக்கு அப்படியே நின்றுவிட்டது.

"எனக்கெதுக்கு அப்பு அந்தக் கருமம்? பட்டன் போனு நல்லாத்தானே இருக்கு."

"நான் இப்ப கடைக்குப் போய்ப் புதுசு வாங்கப் போறேன். என்னோடது சுசித்ராவுக்கு. அவளோடது உனக்கு."

மருமகள் சுசித்ரா காபியோடு வந்தாள். "வேண்டாம்னு சொல்லாதீங்க அத்தை. தினமும் பதினோரு மணிக்கு வீடியோவுல உங்க முகத்தைப் பார்த்தாத்தான் இவருக்கு ஆபீஸ்ல வேலையே ஓடுமாம்."

அவன் கவலைக்கும் காரணம் இருந்தது. போன வருஷம் கேரள எல்லை மலையில் ஏலக்காய் பறிக்கப் போன இடத்தில் சரிவில் வழுக்கி விழுந்து அய்யம்மாளுக்கு முட்டி பிசகிவிட்டது. இனி மலைப்பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்குப் போன் போட்டு விசாரிப்பான்.

"பட்டன் போன்ல என்னம்மா தெரியுது? கால் வீங்கியிருக்கா, ஒழுங்கா சாப்பிட்டியா, ஒன்னும் தெரியலை. பின்னாடி மலையாளச் சத்தம்தான் காதைக் கிழிக்குது."

"அது பக்கத்து வீட்டு டிவிய்யா. எந்நேரமும் மலையாளப் படம்தான்."

மாரீஸ்வரன் வண்டிச் சாவியை எடுத்தான். அய்யம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்தைந்து.

"யப்பா, ஞாயித்துக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் பிறந்துரும். ஆறு மணிக்கு மேல போ சாமி."

மாரீஸ்வரன் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன்தான். இருந்தாலும் இவ்வளவு விலை போட்டு வாங்குகிற சாமானை ராகு காலத்தில் வாங்க அவனுக்கும் தைரியம் இல்லை. சாவியை மாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

"ஏய்யா, உன் பழைய போனுக்கே ஏதோ அப்டேட்டு வருதாம்ல? பஸ்சுல பேசிக்கிட்டாங்க" என்றாள் அய்யம்மாள், ரொம்ப சாதாரணமாக.

"அது அடுத்த மாசம்தாம்மா."

"சும்மாதானே இருக்க. ஒரு தடவ பாரேன்."

அம்மாவுக்காகப் பார்த்தான். பார்த்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அடடே, முன்னாடியே விட்டுட்டான்!"

உடனே ஏற்றத் தொடங்கினான். அப்டேட் எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு திரையில் எறும்பாக ஊர்ந்தது. அய்யம்மாள் கோட்டைப் பார்ப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், மறுபடி கோட்டைப் பார்ப்பாள். ஆறு மணிக்குள் முடிந்துவிட வேண்டுமே என்று குலசாமிக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துகொண்டாள். ஐந்தரைக்குப் போன் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.

"சுசித்ரா, இங்க வா! விளம்பரத்துல காட்டினானே, போட்டோவுல வேண்டாத ஆளை அழிக்கிறது, அது இதுலயே வந்திருக்கு!"

கல்யாண போட்டோவில் குறுக்கே நின்ற கேமராக்காரரை ஒரே தட்டில் காணாமல் அடித்தான். அடுத்து கேரளாவில் நெடுங்கண்டத்து ஏலக்காய் பார்ட்டி ஒருவருக்குப் போன் போட்டான். அவர் மலையாளத்தில் பேசப் பேச, திரையில் தமிழ் எழுத்து ஓடியது.

"இனி எவன் மலையாளத்துல பேசினாலும் கவலை இல்ல. எல்லா காலுக்கும் ஆன் பண்ணி வச்சுட்டேன்!"

ஆறு அடித்தது. "ஏங்க, ராகு காலம் முடிஞ்சிருச்சு. கிளம்பலையா?" என்றாள் சுசித்ரா.

அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "எதுக்கு? புதுசுல என்ன இருக்குன்னு மூணு மாசமா தூங்காம கிடந்தேனோ, அதெல்லாம் இதுக்குள்ளயே வந்துருச்சு. இப்ப போனா டப்பாவுக்குத்தான் காசு கொடுக்கணும். ஆசையே விட்டுப்போச்சு."

"அப்ப என் பங்கும் அம்பேலா?" என்று சுசித்ரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அய்யம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மிச்ச முறுக்கையும் ஆற அமரத் தின்றாள். மகன் தலையைத் தடவி, "புத்தியுள்ள பிள்ளை" என்றாள். கடைசி பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பட்டன் போனை மடியில் பத்திரமாக முடிந்துகொண்டு, சிலமலை வரை நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் பதினோரு மணி. பட்டன் போன் அடித்தது.

"அம்மா, எங்க இருக்க?"

"எங்கய்யா இருப்பேன், வீட்டுலதான். கட்டில்ல காலை நீட்டிப் படுத்திருக்கேன்."

"முட்டி வலி?"

"துளிகூட இல்ல. நீ கவலைப்படாம சோலியப் பாரு."

அந்த நேரம் பார்த்து அவள் பின்னால் யாரோ மலையாளத்தில் உரக்கக் கத்தினார்கள்.

"பக்கத்து வீட்டு டிவிய்யா" என்றாள் அவசரமாக.

அந்தப் பக்கம் போன் திரையில் தமிழ் எழுத்து ஓடியது. மாரீஸ்வரன் அதை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தான்:

"'அய்யம்மா சேச்சி, போனை வைத்துவிட்டுச் சீக்கிரம் ஏலக்காயைப் பறியுங்கள், மழை வருகிறது'... இப்படித்தாம்மா எழுதிக் காட்டுது, நீ போடச் சொன்ன அப்டேட்டு!"